இடிந்த வீடு தேடும் கொத்தனார்

2018 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். (எழுத்தில்தான் லூயிவில். ஊர்க்காரர்கள் வாய்க்குள் எதையோ மென்றபடி ‘லூவல்’ என்பார்கள்.) அலுவலகக் காபி மெஷின் பக்கத்தில், அடுத்த மேசைக்காரர் காலிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு ஆட்டம் இருக்கும் வாரமெல்லாம் சிவப்பு டை கட்டிக்கொண்டு வருவார். அன்றும் கட்டியிருந்தார்.

“இல்லையாம்” என்றார்.

“எது?”

“2013 இல்லையாம்.”

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, லூயிவில் கூடைப்பந்து அணியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்திருந்தது. 123 வெற்றிகள் கணக்கிலிருந்து நீக்கம். அவற்றோடு 2013-ஆம் ஆண்டின் தேசியச் சாம்பியன் பட்டமும். நவீன காலத்தில் ஆண்கள் கூடைப்பந்தில் வென்ற பட்டம் ஒன்றைப் பிடுங்கியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பட்டத்தை அவர்கள் வென்ற இரவில் நான் அதே ஊரில் இருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கும் தெருவில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மறுநாள் அலுவலகத்தில் பாதிப் பேரைக் காணோம். வந்த பாதிப் பேருக்கும் தொண்டை இல்லை. ஐந்து வருஷம் கழித்து ஒரு குழு கூடி, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லிவிட்டது. ஓஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய அரங்கின் விட்டத்தில் தொங்கிய பேனரை இறக்கிவிட்டார்கள்.

அந்த அணியின் கோச் ரிக் பிட்டினோ. அந்த ஊரில் இருந்த காலம் முழுக்க, எனக்கு விருப்பம் இருந்ததோ இல்லையோ, அந்த மனிதரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஊரை விட்டு வந்த பிறகும் விடவில்லை. எங்கே போனாலும் அவர் ஏறுவதையும் விழுவதையும் பார்க்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது.

கோச் என்றதும் நம் மனதில் வருவது கல்லூரி பி.டி. சார். கோயம்புத்தூர்ப் பக்கம் நான் படித்த கல்லூரியில் ஒரே விசிலை வைத்துக்கொண்டு கபடி, ஓட்டப்பந்தயம், கூடைப்பந்து மூன்றுக்கும் அவரே சார். சிமென்ட் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடுவோம். தோற்றால் பரோட்டா வாங்கிக்கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார். அவர் வேலை அதனால் போகவும் இல்லை, சம்பளம் கூடவும் இல்லை. அமெரிக்காவில் கதையே வேறு. லூயிவில்லில் கடைசி ஆண்டுகளில் பிட்டினோவின் வருமானம் ஆண்டுக்கு 70 லட்சம் டாலருக்கு மேல். பல்கலைக்கழகத்தின் தலைவரை ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியாது. இவர் ஓட்டலில் சாப்பிட்டால் அது செய்தி. இருபத்திரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கு, டிசம்பர் குளிரில், ஒரு சுமாரான எதிரணிக்கும் நிரம்பும். அப்படி நிரம்பும் இடத்தில் தோற்பது எப்படி இருக்கும் என்பதை நம் பி.டி. சாரால் கற்பனைகூடச் செய்ய முடியாது. பாவம், அவருக்கு அது தேவையும் இல்லை.

பிட்டினோ 1952-இல் நியூயார்க்கில் பிறந்தவர். கல்லூரியில் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவராக, ஆடிவிட்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் உதவிக் கோச்சாகச் சேர்ந்தார். அங்கேயே முதல் கறை. ஹவாய் விதி மீறியதாக 1977-இல் என்.சி.ஏ.ஏ. கொடுத்த அறிக்கையில் அவர் பெயரும் இருந்தது. நாற்பது வருஷம் கழித்து அவர் விழுந்தபோது பத்திரிகைகள் அந்தப் பழைய தாளைத் தூசி தட்டி எடுத்தன.

அதற்கு முன்னால் ஒரு கல்யாணக் கதை. 1976, நியூயார்க்கில் ஒரு ஓட்டல். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் அறைக்குப் போய்விட்டார்கள். கீழே வரவேற்பறையிலிருந்து போன். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கோச்சாக அப்போதுதான் பொறுப்பேற்ற ஜிம் போஹைம், உதவிக் கோச் தேடி நேரே வந்து நிற்கிறார். கொஞ்ச நேரம் கீழே வர முடியுமா? போனார் பிட்டினோ. அந்தக் கொஞ்ச நேரம் மணிக்கணக்கில் நீண்டது. மணப்பெண் ஜோன் மேலே காத்திருந்தார். இருவரும் பல தடவை சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது. நான் என் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “அந்தம்மா அன்னைக்கே ஊருக்குக் கிளம்பியிருக்கணும்” என்றாள்.

1978-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தலைமைக் கோச். அப்புறம் நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை அணியில் உதவிக் கோச். அதையெல்லாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை. அவர் உண்மையில் யார் என்று தெரிய வந்தது 1985-இல், பிராவிடன்ஸ் கல்லூரிக்குப் போனபோதுதான்.

ரோட் ஐலண்டில் இருக்கும் சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி அது. முந்தைய பருவத்தில் 11 வெற்றி, 20 தோல்வி. கைவசம் இருந்த கார்டு பில்லி டோனவன் கொஞ்சம் குண்டு, கொஞ்சம் மெதுவு. வேறு கல்லூரிக்கு மாறிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பையன். முதலில் எடையைக் குறை, அப்புறம் பேசலாம் என்றார் பிட்டினோ.

1986-87 பருவத்தில் கல்லூரி ஆட்டம் முழுவதற்கும் மூன்று புள்ளிக் கோடு வந்தது. வளையத்திலிருந்து 19 அடி 9 அங்குலம். பெரிய கோச்சுகள் பலர் இதை வித்தை என்று முகம் சுளித்தார்கள். பிட்டினோ கணக்குப் போட்டார். உள்ளே புகுந்து பத்து எறிந்தால் ஐந்து விழும், 10 புள்ளி. கோட்டுக்கு வெளியிலிருந்து பத்து எறிந்து நாலே விழுந்தாலும் 12. உயரமான ஆட்கள் இல்லாத அணிக்கு இதைவிட என்ன வேண்டும்? எறியுங்கள், தவறினாலும் எறியுங்கள் என்றார்.

இன்னொரு ஆயுதம் ஃபுல் கோர்ட் பிரஸ். எதிரணி பந்தை உள்ளே போட்ட நொடியிலிருந்து 94 அடி நீளமும் விரட்டுவது. பத்து வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும் என்பது அப்போதைய விதி. இரண்டு பேர் முன்னால் கையை ஆட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பத்து வினாடி ரொம்பச் சின்னது. பந்தைப் பிடுங்க வேண்டும் என்றில்லை, விரல் நுனி பட்டால் போதும். அப்படிப் பட்டதை எல்லாம் அவருடைய ஆட்கள் ஒவ்வொன்றாக எண்ணி எழுதுவார்கள். அதற்குப் பெயர் டிஃப்ளெக்‌ஷன். ஓர் ஆட்டத்துக்கு 35 இருந்தால் ஜெயிப்போம் என்பது அவர் வாய்ப்பாடு. சந்தையில் தராசுக்காரன் கண் முள்ளிலேயே இருப்பதைப் போல அவர் கண் அந்தக் கணக்கிலேயே இருக்கும்.

இரண்டே வருஷத்தில் அந்தச் சோப்ளாங்கி அணி, மார்ச் மாதத் தேசியப் போட்டியில் ஃபைனல் ஃபோர் என்னும் கடைசி நான்குக்குப் போனது. பெரிய புள்ளியான ஜார்ஜ்டவுனை 88-73 என்று அடித்து உள்ளே போனார்கள். அந்த ஆட்டம் நடந்த ஊர் லூயிவில் என்பதைச் சிவப்பு டைக்காரர் என்னிடம் நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பார். “அன்னைக்கே எங்க ஊருக்கு வந்துட்டார், எங்களுக்குத்தான் தெரியலை.”

ஆனால் அந்த மார்ச் மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. குறைப்பிரசவத்தில் பிறந்து பெரும்பாலும் மருத்துவமனையிலேயே கிடந்த பிட்டினோவின் மகன் டேனியல், ஆறு மாதக் குழந்தை, போட்டி தொடங்கும் சமயத்தில் இறந்துபோனான். குழந்தையை அடக்கம் செய்துவிட்டு அணியோடு போட்டிக்குப் போனார். அந்த ஃபைனல் ஃபோரில் சிரக்யூஸ் அவர்களைத் தோற்கடித்தது. எதிர்ப் பக்கம் நின்ற கோச், கல்யாண ராத்திரிப் போன்காரர் போஹைம்.

பிராவிடன்ஸில் அவர் இன்னும் ஐந்து வருஷம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இருக்கவில்லை. நிக்ஸ் அணி தலைமைக் கோச் பதவியோடு கூப்பிட்டது, போனார். இரண்டாவது வருஷம் 52 ஆட்டம் ஜெயித்தார். நிர்வாகத்தோடு ஒத்துப்போகவில்லை. 1989-இல் கென்டக்கி கூப்பிட்டது.

கென்டக்கிப் பல்கலைக்கழகம் கல்லூரிக் கூடைப்பந்தின் கோயில் மாதிரி. ஆனால் அப்போது கோயில் சீல் வைத்த நிலைமை. அணியில் சேரவிருந்த மாணவனின் அப்பாவுக்குக் கென்டக்கியிலிருந்து போன ஒரு தபால் உறை வழியில் பிரிந்து, உள்ளேயிருந்து ஆயிரம் டாலர் வெளியே வந்த விவகாரம். இரண்டு வருஷம் மார்ச் போட்டிகளில் ஆடத் தடை. ஒரு வருஷம் நேரடித் தொலைக்காட்சிகூடக் கிடையாது. நல்ல ஆட்டக்காரர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். போக வழியில்லாதவர்களும், போக மனம் வராத உள்ளூர்ப் பையன்களும் மிஞ்சினார்கள். முதல் வருஷம் 14 வெற்றி, 14 தோல்வி. தடை முடிந்த முதல் வருஷமே, 1992-இல், அந்த மிச்சப் பையன்களை வைத்துக்கொண்டு ஃபைனல் ஃபோரின் வாசல்வரை வந்துவிட்டார்.

அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் கென்டக்கியில் ஒரு நாள் போகாது. 1992 மார்ச் 28, ஃபிலடெல்ஃபியா. எதிரில் முந்தைய ஆண்டின் சாம்பியன் டியூக். கூடுதல் நேரத்தில் 2.1 வினாடி மிச்சம், கென்டக்கி 103, டியூக் 102. டியூக்கின் கிரான்ட் ஹில் தன் பக்கத்து எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிய வேண்டும். அவர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆளை நிறுத்தலாம். பிட்டினோ நிறுத்தவில்லை. அந்த ஆளையும் பின்னால் இழுத்து, டியூக்கின் கிறிஸ்டியன் லேட்னர் பக்கத்தில் இரண்டு பேராக வைத்தார். ஹில்லுக்கு எறியத் தாராளமாக இடம் கிடைத்தது. மைதானத்தின் முக்கால் நீளம் பந்து பறந்து லேட்னர் கையில் வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற இருவரும் ஃபவுல் ஆகிவிடுமோ என்று கையை ஒடுக்கிக்கொண்டார்கள். லேட்னர் ஒரு தடவை பந்தைத் தட்டி, திரும்பி, எறிந்தார். 104-103. அன்றைக்கு அவர் களத்திலிருந்து எறிந்த பத்தும் விழுந்தன, ஃப்ரீ த்ரோ பத்தும் விழுந்தன.

எங்கள் அலுவலகத்தில் நீலச் சட்டைக்காரர்கள், அதாவது கென்டக்கி ஆதரவாளர்கள், இருபது வருஷம் கழித்தும் மதியச் சாப்பாட்டு மேசையில் உப்புப் புட்டியைக் கிரான்ட் ஹில்லாகவும் மிளகுப் புட்டியை லேட்னராகவும் வைத்து எங்கே ஆள் நின்றிருக்க வேண்டும் என்று வாதாடுவார்கள். எனக்கும் அவர்கள் கட்சிதான். எறிபவனை மறைக்காமல் விட்டது தப்பு. வாழ்நாளெல்லாம் பந்து கிளம்பும் இடத்திலேயே நெருக்கு என்று பாடம் எடுத்தவர், அந்த இரண்டு வினாடிக்கு மட்டும் தன் பாடத்தைத் தானே மறந்துவிட்டார்.

ஆனால் அந்தத் தோல்வி அவரைச் சாய்க்கவில்லை. தோற்ற பையன்கள் நாலு பேரின் சட்டைகளைப் பல்கலைக்கழகம் அரங்கின் விட்டத்தில் ஏற்றியது. 1996-இல் 34 வெற்றி, 2 தோல்வி, தேசியப் பட்டம். இறுதி ஆட்டத்தில் எதிரணி சிரக்யூஸ், கோச் மறுபடியும் போஹைம். மறு வருஷமும் இறுதி ஆட்டம், கூடுதல் நேரத்தில் அரிஸோனாவிடம் தோல்வி. நல்ல வீடு கட்டியாகிவிட்டது. அதில் குடியிருக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் கிளம்பினார்.

போன இடம் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணி. பத்து வருஷத்துக்கு 7 கோடி டாலர் ஒப்பந்தம். கோச் பதவி மட்டும் போதாதென்று அணியின் தலைவர் பதவியும் வேண்டும் என்றார். அந்த நாற்காலி ரெட் ஆவர்பாக்கினுடையது. செல்டிக்ஸ் என்ற பெயருக்கே மதிப்பை உண்டாக்கிய கிழவர் அவர். அவருக்கு வேறு ஒரு பதவிப் பெயரைக் கொடுத்து நகர்த்தினார்கள். ஊருக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளை, தாத்தாவின் சாய்வு நாற்காலியைக் கேட்டு வாங்கிய மாதிரி. அதை பாஸ்டன்காரர்கள் மறக்கவே இல்லை.

புது ஆட்டக்காரர்களை எந்த அணி முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும் அந்த வருஷக் குலுக்கலில் டிம் டங்கன் கிடைப்பார் என்று நம்பியிருந்தார்கள். டங்கன் சான் அன்டோனியோவுக்குப் போனார், அங்கே ஐந்து பட்டம் வென்றார். இவர்களுக்கு மூன்றாவது தேர்வில் சான்ஸி பில்லப்ஸ் கிடைத்தார். பில்லப்ஸ் 51 ஆட்டம் ஆடியதும் பொறுமை போய் வேறு அணிக்கு அனுப்பிவிட்டார் பிட்டினோ. பின்னாளில் அதே பில்லப்ஸ் 2004-இல் டெட்ராய்ட்டுக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்து, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். பதினெட்டு வயதுப் பையன்களிடம் செல்லுபடியான மிரட்டல், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் முப்பது வயதுக்காரனிடம் செல்லவில்லை. 82 ஆட்டமும் ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டால் யார் உடம்பு தாங்கும்?

2000 மார்ச் 1-ஆம் தேதி, இன்னொரு தோல்விக்குப் பிறகு பத்திரிகையாளர்கள் முன்னால் வெடித்தார். லாரி பேர்ட் அந்தக் கதவு வழியாக வரப்போவதில்லை, கெவின் மெக்ஹேல் வரப்போவதில்லை, ராபர்ட் பாரிஷ் வரப்போவதில்லை, வந்தாலும் நரைத்துக் கிழவர்களாகத்தான் வருவார்கள் என்றார். மூவரும் செல்டிக்ஸின் பழைய நட்சத்திரங்கள். கோபத்தில் வந்த பேச்சு. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அமெரிக்காவில் பழம்பெருமை பேசுபவர்களை மடக்க இன்றும் அந்த வாக்கியத்தைத்தான் எடுக்கிறார்கள். பாஸ்டன் கணக்கு 102 வெற்றி, 146 தோல்வி. 2001 ஜனவரியில் விலகினார்.

எனக்கு இந்த இடத்தில்தான் அவர் பிடிபட்டார். இடிந்து கிடக்கும் வீட்டைக் காட்டினால் ராத்திரி பகலாக நின்று எழுப்பிவிடும் கொத்தனார். பாஸ்டன் பல்கலைக்கழகம், பிராவிடன்ஸ், கென்டக்கி எல்லாம் அப்படி எழுப்பியவை. எழும்பிய வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் கை பரபரக்கும். அல்லது, வாசலில் உட்கார்ந்துகொண்டு கொல்லைப்புறத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவார். இந்த இரண்டாவது வகைதான் லூயிவில்.

2001 மார்ச்சில் லூயிவில்லுக்கு வந்தார். கென்டக்கிக்காரர்களுக்கு இது பச்சைத் துரோகம். கென்டக்கிப் பல்கலைக்கழகத்திலிருந்து சுமார் 80 மைல் தூரத்தில் இருக்கும் பங்காளி ஊர் அது. மதுரைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சமைத்துக்கொண்டிருந்தவர் நடுப்பந்தியில் எழுந்து சம்பந்தி வீட்டு அடுப்படிக்குப் போனால்கூட இவ்வளவு வசவு விழாது.

வந்த ஆறே மாதத்தில் செப்டம்பர் 11. உலக வர்த்தக மையத்தில் இறந்தவர்களில் மனைவியின் தம்பி பில்லி மினார்டியும் ஒருவர். பிட்டினோவுக்கு மச்சான் என்பதைவிட நெருங்கிய நண்பர். ஆட்டக்காரர்கள் தங்கும் விடுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள்: மினார்டி ஹால். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2005-இல் ஃபைனல் ஃபோர். 2009-இல் சொந்த வாழ்க்கையில் ஒரு அசிங்கம் வெளியே வந்தது. மிரட்டிப் பணம் பறிக்க முயன்றதாக ஒரு பெண்ணின் மீது வழக்கு நடந்து அவருக்குத் தண்டனையும் கிடைத்தது. இவர் கேமராக்கள் முன்னால் நின்று குடும்பத்திடமும் ஊரிடமும் மன்னிப்புக் கேட்டார். ஊர் மன்னித்துவிட்டது. ஜெயித்துக்கொண்டிருப்பவரை ஊர் சீக்கிரம் மன்னிக்கும்.

நான் ஊருக்கு வந்தது 2012 கடைசியில். சிவப்பு டைக்காரர் தன் அண்ணன் மகனுடைய டிக்கெட்டைக் கொடுத்து ஓர் ஆட்டத்துக்கு அனுப்பினார். கூரைக்குப் பக்கத்து இருக்கை. அங்கிருந்து ஆட்டக்காரர்கள் தீப்பெட்டி அளவு. ஆனால் அவர்கள் பெஞ்சு முன்னால் கோட்டு சூட்டில் ஒருவர் நின்ற இடத்தில் நிற்காமல் கோட்டோரம் அலைவது அங்கிருந்தும் தெரிந்தது. எதிரணி இருபது பின்தங்கியிருந்தது. அப்போதும் ஒரு பையன் திரும்பி ஓடுவதில் அரை நொடி சுணங்கினான் என்று அவனை உடனே வெளியே இழுத்தார்.

2013 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. எதிரில் மறுபடி டியூக். டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். லூயிவில் பையன் கெவின் வேர், ஓர் எறிதலைத் தடுக்க எகிறிக் குதித்துக் கீழே வந்தான். வலது கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. “ஏங்க, ஆஃப் பண்ணுங்க” என்று கத்தினாள் மனைவி. எனக்கு ரிமோட் கையில் நிற்கவில்லை. திரையில் மற்ற பையன்கள் தரையில் விழுந்து அழுகிறார்கள். பிட்டினோ கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அந்தப் பையன், நான் நல்லாயிருக்கேன், நீங்க ஜெயிங்க என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தானாம். ஜெயித்தார்கள், 85-63.

ஏப்ரல் 8-ஆம் தேதி அட்லாண்டாவில் இறுதி ஆட்டம், மிஷிகனுக்கு எதிராக. முதல் பாதியில் 12 புள்ளி பின்தங்கினார்கள். பெஞ்சிலிருந்து வந்த லூக் ஹேன்காக் மூன்று புள்ளி எறிதல் நாலை அடுத்தடுத்து இறக்கினார். 82-76. இரண்டு வேறு கல்லூரிகளுக்குப் பட்டம் வாங்கித் தந்த முதல் கோச் ஆனார் பிட்டினோ. அந்த வாரத்தைப் போல ஒரு வாரம் யாருக்கும் வாய்க்காது. அதே திங்கட்கிழமை காலையில்தான் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கூடைப்பந்துப் புகழ்மன்றத்துக்கு அவர் பெயரை அறிவித்திருந்தார்கள். முந்தைய சனிக்கிழமை அவர் பங்கு வைத்திருந்த குதிரை சான்டா அனிட்டா டெர்பியில் ஜெயித்தது. மகனுக்கு மினசோட்டாவில் தலைமைக் கோச் வேலை கிடைத்தது. பட்டம் வென்றால் பச்சை குத்திக்கொள்கிறேன் என்று பையன்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அறுபது வயதில் போய் முதுகில் குத்திக்கொண்டார், லூயிவில்லின் பெரிய ‘எல்’ எழுத்தும் அந்தப் பருவத்தின் 35-5 கணக்கும்.

2015 அக்டோபரில் ஒரு பெண் எழுதிய புத்தகம் வந்தது. கல்லூரியில் சேர வரும் பையன்களை மயக்க, அணியின் ஊழியர் ஒருவர் விடுதிக்குள் பெண்களை வரவழைத்து ஆடவிட்டார், அதற்கு மேலும் நடந்தது என்று. வருஷக்கணக்கில் நடந்திருக்கிறது. எந்த விடுதி? மினார்டி ஹால்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்றார் பிட்டினோ. தெரிந்திருந்தது என்று என்.சி.ஏ.ஏ.யும் சொல்லவில்லை. ஊழியரைக் கண்காணிக்கத் தவறினார் என்றது. சரி, தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். நானும் அதை நம்புகிறேன். ஆனால் எனக்கு இன்றும் உறுத்துவது இதுதான்: பந்தில் எந்தப் பையனுடைய விரல் நுனி எத்தனை தடவை பட்டது என்று எண்ணியவர், அந்தப் பையன்கள் தூங்கும் கட்டிடத்தில் ராத்திரி யார் ஏறி இறங்கினார்கள் என்று எண்ண ஒருவரையும் வைக்கவில்லை. செத்துப்போன மச்சான் பெயர் வாசலில் எழுதியிருந்த கட்டிடம் அது.

அந்தச் சூடு ஆறும் முன்னே 2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. நாடெங்கும் உதவிக் கோச்சுகளையும் ஷூ கம்பெனி ஆட்களையும் கைது செய்தது. அடிடாஸ் பக்கத்திலிருந்து ஒரு பையனுடைய குடும்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் தர ஏற்பாடு, பையன் லூயிவில்லுக்கு வர வேண்டும் என்பதற்காக. இதுவும் தெரியாது என்றார். இந்தத் தடவை ஊர் கேட்கத் தயாராக இல்லை. அக்டோபர் 16-ஆம் தேதி வேலை போனது. 2022-இல் தனி விசாரணைக் குழு, இந்த வழக்கில் அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை என்று தீர்ப்பு சொன்னது. அது வந்து சேர்வதற்குள் ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

2018 பிப்ரவரியில் நடந்ததைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். சிவப்பு டைக்காரர் அன்று மதியம் இன்னொன்றும் சொன்னார். “பேனரை ஏணி வெச்சு இறக்கிடலாம். அந்த ஆள் முதுகில் இருக்கறதை என்ன பண்ணுவாங்க?”

அமெரிக்காவில் ஒரு கல்லூரியும் கூப்பிடாத ஆளை கிரேக்க நாட்டின் பனதினைகோஸ் அணி கூப்பிட்டது. 2018 டிசம்பரில், 66 வயதில், ஏதென்ஸ் போனார். ரசிகர்கள் அரங்கத்துக்குள்ளேயே தீப்பந்தம் கொளுத்தும் ஊர். வந்த இரண்டு மாதத்துக்குள் கிரேக்கக் கோப்பை. அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனசு கல்லூரிப் பையன்களிடம்தான் கிடந்தது.

2020 மார்ச்சில் ஐயோனா. நியூயார்க் பக்கத்தில் நியூ ரோஷல் என்ற ஊரில் உள்ள சின்னக் கல்லூரி. அதற்குள் நான் நியூஜெர்சிக்கு மாறியிருந்தேன். ஒரு சனிக்கிழமை பாலம் தாண்டிப் போய் ஆட்டம் பார்த்தேன். நம் ஊர் இன்டோர் ஸ்டேடியத்தைவிடச் சின்ன ஜிம். லூயிவில்லில் கூரையிலிருந்து பார்த்தவரை இங்கே நாலாவது வரிசையிலிருந்து பார்க்கிறேன். முகத்தில் சுருக்கம் கூடியிருந்தது, குரல் கரகரத்திருந்தது. பெஞ்சின் கோடியில் ஒரு மாணவன் தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தான். டைம் அவுட்டில் பிட்டினோ முதலில் கை நீட்டி வாங்கியது அந்தத் தாளைத்தான். பார்த்துவிட்டு ஒரு பையனைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அங்கேயும் இரண்டு தடவை மார்ச் போட்டிக்குக் கூட்டிப்போனார். 2023-இல் செயின்ட் ஜான்ஸ். ஒரு காலத்தில் நியூயார்க்கே கொண்டாடிய அணி, பல வருஷமாகச் சுருண்டு கிடந்தது. முதல் பருவத்தில் ஒரு தோல்விக்குப் பிறகு தன் பையன்களையே மெதுவானவர்கள் என்று பெயர் சொல்லிப் பழித்தார். தன் வாழ்நாளிலேயே இவ்வளவு சலிப்பான அனுபவம் இல்லை என்றார். எழுபத்தொரு வயது ஆளுக்கு அது அழகில்லை, எனக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் அடுத்த பருவம் 31 வெற்றி, 5 தோல்வி. செயின்ட் ஜான்ஸ் ஆடும் பிக் ஈஸ்ட் கூட்டமைப்பின் கோப்பை, 2000-க்குப் பிறகு முதல் தடவை. ஆறு கல்லூரிகளை மார்ச் போட்டிக்குக் கொண்டுபோன ஒரே கோச் ஆகிவிட்டார். அந்தப் பருவம் தொடங்கும்போது கென்டக்கியும் பழையதை மறந்து அவரைக் கூப்பிட்டது. தான் பயிற்சி கொடுத்த 1996 அணியின் கேப்டன் மார்க் போப் இப்போது அங்கே கோச். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சிவப்பு டைக்காரர் அன்று எனக்கு அனுப்பிய செய்தியை இங்கே எழுத முடியாது.

2025 மார்ச் 22. இரண்டாம் சுற்று, ஆர்கன்ஸாவுக்கு எதிராக. ஆட்டம் நடக்கும் ஊரின் பெயரைத் திரையில் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிராவிடன்ஸ். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், தவறினாலும் எறியுங்கள் என்று அவர் சொல்லிக்கொடுத்த அதே ஊர்.

எறிந்தார்கள். தவறியது. மறுபடி எறிந்தார்கள், மறுபடி தவறியது. அணியின் நட்சத்திரம், அந்த ஆண்டு பிக் ஈஸ்ட்டின் சிறந்த ஆட்டக்காரன், 17 எறிந்து 3 மட்டும் விழ, கடைசி ஐந்து நிமிடம் அவனைப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார். ஏன் என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். 75-66, தோல்வி. பிட்டினோ நேரே நடந்து போய் எதிர்க் கோச்சுக்குக் கை கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரையின் அடியில் செயின்ட் ஜான்ஸின் கணக்கு ஓடியது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 22 எறிதல், விழுந்தது 2.

போன் அதிர்ந்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் சிவப்பு டைக்காரர்.

“என்.சி.ஏ.ஏ.கிட்ட சொல்லி இந்த ஆட்டத்தை அழிக்கச் சொல்லேன்.”